15 பார் கேட்டார்கள், 15 கிலோ காட்டினேன்: சோதனை ஏன் செல்லவில்லை?

புதுக்குழாய் கேட்டது:

குழாய் வரிசை ஒன்றுக்கு நீரழுத்தச் சோதனை. வடிவமைப்பு அழுத்தம் 10 பார், சோதனைக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 15 பார். கையில் கிடைத்த மானியின் (அழுத்தம் காட்டும் கருவி) முகப்பில் கிலோ அளவுதான் இருந்தது (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ). பாரும் கிலோவும் ஒன்றுதான் என்று வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டு வருகிறேன். முள்ளைச் சரியாக 15-இல் நிறுத்தி, வால்வை மூடிவிட்டுப் பரிசோதகரை அழைத்தேன். மானியை ஒருமுறை பார்த்தவர், கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். காரணமும் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்து மானி −500 மில்லிமீட்டர் பாதரசம் காட்டுகிறது. பாருக்கு மாற்றினால் −0.67 வருகிறது. அழுத்தம் எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும்?

நாலாம்நூல்:

1 கிலோ என்பது 0.980665 பார். உங்கள் 15 கிலோ 14.71 பார்தான். 0.29 குறைகிறது. 15.3 கிலோ வரை ஏற்றியிருக்க வேண்டும். பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) 217.6.

பழையமுள்:

மேலே சொன்ன கணக்கு சரி. பாரும் கிலோவும் ஒன்றுதான் என்பவர்கள்மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, ஆனால் அந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதும் புரிகிறது. அழுத்தத்தின் சர்வதேச அலகான பாஸ்கலில் எழுதிப் பாருங்கள்: கிலோ 98,066.5, பார் 1,00,000, வளிமண்டலம் 1,01,325. மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. டயருக்குக் காற்றடிக்கும்போது இந்த வித்தியாசத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்? "இதற்குக் குறையக் கூடாது" என்று எழுதிய சோதனையில் இரண்டு சதவீதம் குறைந்தாலும் குறைவுதான்.

98,066.5 என்ற விநோத எண் புவியீர்ப்பிலிருந்து வருகிறது. 1901-இல் ஈர்ப்பு முடுக்கத்தின் நியம மதிப்பை 9.80665 என்று நிர்ணயித்தார்கள். ஒரு கிலோ எடை அந்த ஈர்ப்பில் ஒரு சதுர சென்டிமீட்டரை அழுத்தினால் கிடைப்பதுதான் இந்த அலகு. மானிகளைச் சரிபார்க்கும் எடைமேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். எடைத் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, உராய்வு பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அதை விரலால் மெல்லச் சுழற்றிவிட்டு, முள் அடங்கக் காத்திருப்போம். அங்கே இன்னொரு சங்கதி தெரியும்: நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு ஏறத்தாழ 9.78, துருவத்தில் 9.83. அதே தட்டு, அதே பிஸ்டன், ஆனால் இடம் மாறினால் அழுத்தமும் மாறும். அதற்காகத் திருத்தம் போடாமல் சான்றிதழ் எழுத முடியாது.

இனி உங்கள் கழித்தல் குறி. சாதாரண மானி, சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்றுதான் சொல்லும். வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்; அதிலிருந்து 500 போக மீதி 260 மில்லிமீட்டர். அதுவே உங்கள் குழாயின் தனி அழுத்தம், அதாவது முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பது: 0.347 பார். தனி அழுத்தம் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு கம்ப்ரசரின் அழுத்த விகிதம் கேட்டார்கள். உள்ளே போவது 0.5 பார், வெளியே வருவது 7 பார், இரண்டும் மானி காட்டியவை. ஏழை அரையால் வகுத்து 14 என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். ஒற்றைக் கட்ட இயந்திரம் 14 மடங்கு அழுத்தினால் எவ்வளவு சூடாகும் என்று மேலதிகாரி சிரித்தபிறகுதான் உறைத்தது. இரண்டிலும் வளிமண்டல அழுத்தமான 1.013 பாரைக் கூட்டி வகுத்தால் 5.3. அலகை ஒழுங்காக மாற்றத் தெரிந்தவனுக்குப் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

நாலாம்நூல்:

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எல்லாவற்றிலும் 1.013 கூட்ட வேண்டாம். வடிகட்டியின் இரு பக்கத்துக்கும் வேறுபாடு 0.3 பார் என்றால் அது 4.35 பி.எஸ்.ஐ., அவ்வளவுதான். வளிமண்டலம் இரு பக்கமும் இருப்பதால் கழிந்துவிடும்.

மேட்டுநீர்:

அலகைப் பற்றியே பேசுகிறீர்களே, மானி எங்கே மாட்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லையே? நீர் நிறைந்த குழாயில் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.098 பார் போகும். வரிசை மேலே ஏறுகிறதா?

புதுக்குழாய்:

ஐயோ. மானி பம்ப்புக்குப் பக்கத்தில், தரையில். வரிசை அங்கிருந்து 8 மீட்டர் ஏறுகிறது.

மேட்டுநீர்:

அப்படியென்றால் உச்சியில் 0.78 பார் குறைந்து 13.93 பார்தான் இருந்திருக்கும். அலகால் போனதைவிட உயரத்தால் போனதுதான் அதிகம். உச்சியிலும் 15 பார் வேண்டுமென்றால் கீழே 15.78 பார், உங்கள் மானியில் 16.1 கிலோ. அடியில் உள்ள வால்வுகளும் ஃபிளேஞ்சுகளும் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டுகள்) அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

புதுக்குழாய்:

நன்றி ஐயா. பார்த்துவிட்டேன், தாங்கும். என் மானியில் அரைக் கிலோவுக்கு ஒரு கோடுதான், 16.1 என்பதை அதில் படிக்கவே முடியாது. 16-க்கும் 16.5-க்கும் நடுவில் கண்ணாடிமேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நாளை முள் அங்கே வந்தபிறகுதான் பரிசோதகரை அழைப்பேன்.