எடுத்துக்காட்டு நிரல்களை எங்கே வைப்பது, எந்த உரிமத்தில் கொடுப்பது?

புதுநிரலர்:
ஒரு கட்டற்ற பைதான் லைப்ரரியை ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். அதன் ஆவணத்தில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வரி விளக்கம் உண்டு, ஆனால் நான்கு ஃபங்ஷனைச் சேர்த்து ஒரு வேலையை முடிப்பது எப்படி என்று எங்கே தேடினாலும் இல்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட காலத்தில் எழுதி வைத்த சின்னச் சின்ன நிரல்கள் என்னிடம் 22 இருக்கின்றன. அடுத்து வருபவராவது கஷ்டப்படாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையாக, அனுப்பினேன். "நல்ல முயற்சி, ஆனால் இதையெல்லாம் யார் பராமரிப்பது?" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் மூன்று வாரமாகச் சத்தமே இல்லை.

இதை லைப்ரரி இருக்கும் அதே ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) வைப்பதுதான் முறையா, இல்லை நானே தனி ரெப்போ தொடங்கிவிடலாமா? இன்னொன்று, லைப்ரரி ஜிபிஎல் 3 உரிமத்தில் இருக்கிறது, அதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்வது அது. என் எடுத்துக்காட்டிலிருந்து பத்து வரியை எடுத்து ஒட்டுபவருக்கு அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

மெர்ஜ்மாமா:
நானும் ஒரு சின்னத் திட்டத்தின் மெயின்டெய்னர்தான் (பராமரிப்பவர்), 22 கோப்புகள் ஒரே நாளில் வந்து விழுந்தால் நானும் தலைமறைவாகிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ரெப்போவில் ஒரு காலத்தில் எக்ஸாம்பிள்ஸ் கோப்புறை என்று ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. பெரிய வெளியீடு ஒன்றில் ஒரு ஆர்கியூமென்ட்டின் பெயரை மாற்றினோம், டெஸ்ட்டுகளையெல்லாம் திருத்தினோம், அந்தக் கோப்புறையை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. புதிதாக வருபவர் முதலில் நகலெடுப்பதே அதைத்தானே? "லைப்ரரி வேலை செய்யவில்லை" என்று மாதக்கணக்கில் புகார் வந்துகொண்டே இருந்தது, லைப்ரரி என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்டுகளைத் தானே ஓட்டும் அமைப்பு) ஓட்டிப் பார்க்காத எடுத்துக்காட்டு எதையும் நான் மெர்ஜ் செய்வதில்லை.

மற்ற மொழிக்காரர்கள் இதைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ரஸ்ட் மொழியில் கார்கோ டெஸ்ட் என்ற கட்டளையை ஓட்டினால் எக்ஸாம்பிள்ஸ் கோப்புறையையும் சேர்த்தே கம்பைல் செய்யும். கோ மொழியில் எக்ஸாம்பிள் என்று தொடங்கும் ஃபங்ஷனை டெஸ்ட் கோப்பில் எழுதி, கடைசியில் அவுட்புட் என்று கமென்ட் போட்டால், வந்த விடை அதுதானா என்றே சரிபார்த்துவிடும். கமென்ட் இல்லாவிட்டால் கம்பைல் மட்டும் ஆகும், ஓடாது, இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பைதானில், ஆவணத்தில் இருக்கும் எடுத்துக்காட்டை ஓட்டிச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் மொழியோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் திட்டத்தின் ஆவணம் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியில் இருந்தால் நிரலை ஆவணத்துக்குள் தட்டச்சு செய்யவே வேண்டாம், லிட்டரல்இன்க்ளூட் என்ற கட்டளையைப் போட்டு, சிஐ ஓட்டும் அதே கோப்பிலிருந்து இழுத்துக்கொள்ளலாம்.

அதனால் அந்த புல் ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டு, ஒரே ஒரு எடுத்துக்காட்டை அதை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்டோடு சேர்த்து அனுப்புங்கள். யார் பராமரிப்பது என்று கேட்டாரே, அதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அரைப்புள்ளி:
உரிமம் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், உங்கள் எடுத்துக்காட்டும் திட்டத்தின் உரிமத்தில்தான் வந்தது என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், அதாவது ஜிபிஎல் 3. இரண்டு மூன்று வரிக்குப் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், பொருந்துமா என்பதே சந்தேகம்தான், ஆனால் அந்தச் சந்தேகத்தை நகலெடுப்பவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? மோசில்லாவின் எம்டிஎன் என்ற வலைநிரலர் ஆவணத் தளத்தில் 2010 ஆகஸ்ட் 20 முதல் சேர்ந்த நிரல் துண்டுகள் எல்லாம் சிசி0 (எழுதியவர் உரிமையை விட்டுக்கொடுத்து எல்லாருக்கும் பொதுவாக்குவது), கட்டுரைகளுக்கு வேறு உரிமம். இப்படிப் பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆனால் சிசி0-வில் காப்புரிமம், அதாவது பேட்டன்ட், கொடுக்கப்படவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது, அதனால்தான் ஃபெடோரா லினக்ஸ் திட்டம் 2022-இல் நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. நானாக இருந்தால் 0பிஎஸ்டி அல்லது எம்ஐடி-0 உரிமம் போடுவேன், இரண்டிலும் பெயரைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அதைக் கோப்பின் முதல் வரியில் எஸ்பிடிஎக்ஸ் அடையாளமாக (உரிமத்தின் பெயரைச் சொல்லும் பொதுக் குறியீடாக) எழுதிவிட்டால் போதும். மெயின்டெய்னரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆனால் இதனால் ஜிபிஎல் மாயமாகிவிடாது. எடுத்துக்காட்டின் வரிகளுக்குத்தான் விடுதலை. அந்த லைப்ரரியை இறக்குமதி செய்து ஒரு மென்பொருள் எழுதி வெளியிடுபவருக்கு லைப்ரரியின் நிபந்தனை அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், 22-ம் நீங்களே எழுதியவைதானா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் இப்போது வரும் பதில்கள் சிசி பை-எஸ்ஏ 4.0 (எழுதியவரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரச் சொல்வது). அங்கிருந்து எடுத்ததை, எழுதியவரைக் குறிப்பிட்டு ஜிபிஎல் 3-க்குள் கொண்டுவர வழி இருக்கிறது, ஆனால் 0பிஎஸ்டி என்று லேபிள் மாற்றி ஒட்ட முடியாது. கிட் கமிட்டில் மைனஸ் எஸ் போட்டு சைன்ஆஃப் கேட்கும் திட்டமாக இருந்தால், "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று நீங்களே உறுதி சொல்கிறீர்கள். அலுவலக வேலைக்காக எழுதியதற்கும் இதே கதைதான்.

கருந்திரை:
மெர்ஜ்மாமா சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். அதே ரெப்போவில் வைத்தால் மெயின் கிளையில் இருக்கும் எடுத்துக்காட்டு இன்னும் வெளியிடாத ஏபிஐ-யை (லைப்ரரியை அழைக்கும் முறையை) பயன்படுத்தலாம், சிஐ-யும் பச்சை காட்டும், ஆனால் பைதானின் நிறுவல் கருவியான பிப் வழியாக நிறுவியவரிடம் ஓடாது. ஆவணத்திலிருந்து இணைப்புக் கொடுத்தால் அந்த வெளியீட்டின் டேகுக்கு (அந்தப் பதிப்பை அப்படியே குறிக்கும் அடையாளத்துக்கு) கொடுங்கள், மெயினுக்கு வேண்டாம். டேட்டாபேஸ், படக் கோப்பு என்று பத்துச் சுமையோடு வரும் முழுச் செயலி என்றால் தனி ரெப்போதான் சரி, பதிப்பு எண்ணையும் அதில் பூட்டி வைக்கலாம்.

ஒட்டுபவர்கள் எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், உங்கள் சோம்பேறித்தனத்தையும் சேர்த்தே எடுத்துப்போவார்கள். சோதனைக்காக வெரிஃபை=ஃபால்ஸ் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்காதே) என்று போட்டிருந்தால் அது நேராக யாரோ ஒருவருடைய புரொடக்‌ஷனில் போய் உட்காரும். முகவரி வேண்டுமென்றால் எக்ஸாம்பிள் டாட் காம் போடுங்கள், 1999-இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கென்றே ஒதுக்கி வைத்த பெயர். ஏபிஐ சாவி (கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீடு) ஏதாவது தப்பித்தவறி உள்ளே போயிருந்தால் அடுத்த கமிட்டில் அழிப்பது வீண், கிட் வரலாற்றில் அப்படியே இருக்கும். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

புதுநிரலர்:
உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது ஒரே விஷயத்தைத்தான் திரும்பச் சொல்கின்றன. மூன்று எங்கிருந்தோ எடுத்தவை, எங்கிருந்து என்பது எனக்கே நினைவில்லை, தூக்கிவிட்டேன். ஒன்றில் வெரிஃபை=ஃபால்ஸ் இருந்தது, கருந்திரை என் திரையை எட்டிப் பார்த்தாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. சாவி எதுவும் இல்லை, நல்லவேளை. பழையதை மூடிவிட்டு, 30 வரியில் ஒரே ஒரு எடுத்துக்காட்டும் அதற்கு ஒரு டெஸ்ட்டும் அனுப்பியிருக்கிறேன், 0பிஎஸ்டி போடலாமா என்று விளக்கத்திலேயே கேட்டுவிட்டேன். கோப்புக்கு எக்ஸாம்பிள்1 என்று பெயர்.

மெர்ஜ்மாமா:
எல்லாம் சரி, அந்தப் பெயரை மட்டும் இப்போதே மாற்றுங்கள். நிரல் செய்யும் வேலையே கோப்பின் பெயராக இருக்கட்டும், எக்ஸாம்பிள்1 என்று யாரும் தேடி வர மாட்டார்கள்.