சித்தியின் லேசர் பாயிண்டர்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

சித்தி – ஞாயிறு, காலை 7:12
வகுப்பில் நான் பயன்படுத்தும் சிவப்பு லேசர் பாயிண்டர் சில நாட்களாக அடம்பிடிக்கிறது. பொத்தானை நேராக அழுத்தினால் எரிவதில்லை. ஓரமாகச் சாய்த்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் மங்கலாக எரிந்து, கை சற்று அசைந்ததும் அணைந்துவிடுகிறது. பேட்டரிகள் இரண்டையும் மாற்றிவிட்டேன். அண்ணா, ஸ்விட்ச் போய்விட்டது என்றுதானே பொருள்?

மாமா – 7:31
அதற்குள் ஸ்விட்ச் மேல் பழி போடாதேயம்மா. இத்தகைய பேனா வடிவப் பாயிண்டரில் உலோக உடலே ஒரு கம்பியாக வேலை செய்கிறது. ஆகவே அடிமூடியின் ஸ்பிரிங்கிலோ, மூடியின் மரையிலோ, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் தொடும் ஸ்பிரிங்கிலோ களிம்பேறியிருந்தாலும் நீ சொல்லும் இதே குறைதான் தெரியும். நீ ஓங்கி அழுத்தும்போது பொத்தானோடு போர்டும் சற்று நகர்ந்து உடலில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு ஸ்விட்ச்தான் கெட்டுவிட்டது போலத் தோன்றும். அடிமூடியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பின்முனையையும் உடலின் விளிம்பையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, பொத்தானை மெதுவாக அழுத்திப் பார். வண்ணப் பூச்சின் மேல் கம்பியை வைத்தால் மின்சாரம் பாயாது. வெறும் உலோகம் தெரியும் இடத்தில் வை.

தம்பி – 7:40
சித்தி, எரிகிறதா என்று முனைக்குள் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். பளபளப்பில்லாத சுவரை நோக்கியே பிடியுங்கள். கண் சிமிட்டுவதற்குள் கால் நொடி கடந்துவிடும். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட ஒளி என்றால்தான் அந்தச் சிமிட்டலை நம்பலாம். உங்களுடையதில் 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்றுதான் ஒட்டியிருக்கிறார்கள்.

சித்தி – 11:05
அடி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவும் வைத்தேன். கம்பியால் இணைத்தும் பார்த்தேன். குறை அப்படியே இருக்கிறது.

அம்மா – 11:09
பொத்தானின் மேல் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிட்டால் என்ன?

மாமா – 11:20
கூடாது அக்கா. விரலை எடுத்ததும் அணைய வேண்டும் என்பதற்காகவே அந்த ஸ்விட்சை அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டி வைத்தால் லேசர் ஒளியைத் தரும் டயோடு சூடேறும். மேசையில் எரிந்தபடி கிடப்பதை ஏதாவது குழந்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோகும். தம்பி, சித்தி வீட்டுக்குப் போய் அதைத் திறந்து பார்.

தம்பி – மாலை 5:48
திறந்துவிட்டேன் மாமா. முன்தலை திருகினால் கழன்றது. பிளாஸ்டிக் பொத்தானை எடுத்த பிறகு போர்டு முன்பக்கமாக நழுவி வந்தது. மின்சாரம் கொடுத்து, ஸ்விட்சின் இரு பக்கக் கால்களை இடுக்கியால் இணைத்ததும் முழு வெளிச்சத்தோடு எரிகிறது. பேட்டரியை எடுத்துவிட்டு, மின்தடையை அளக்க மல்டிமீட்டர் வைத்தால், ஸ்விட்சை அழுத்தியிருக்கும்போது 20 ஓம் வரை காட்டி ஆடுகிறது.

மாமா – 5:56
இப்போது ஸ்விட்சைக் குற்றம் சொல்லலாம். நல்ல ஸ்விட்ச் 1 ஓம்கூடக் காட்டாது. இந்த லேசர் 30 மில்லியாம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 20 ஓமில் 0.6 வோல்ட் வீணாகிறது. பேட்டரிகள் தரும் 3 வோல்ட்டில் மீதம் 2.4. சிவப்பு டயோடுக்கே ஏறத்தாழ 2.2 வோல்ட் வேண்டும்; போர்டில் உள்ள மற்ற பாகங்களுக்கு மிஞ்சுவது 0.2 வோல்ட்தான் என்பதால் அது மங்கித்தான் எரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டு, பலமுறை அழுத்திப் பார்க்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் தகடு தேய்ந்திருந்தால் அது நிலைக்காது.

தம்பி – திங்கள், காலை 8:02
நேற்றிரவு சரியாக இருந்தது. இன்று காலை மறுபடியும் 15 ஓம் காட்டுகிறது. புது ஸ்விட்ச் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன்.

மாமா – 8:10
நான்கு கால் உள்ள 6 மில்லிமீட்டர் சதுர ஸ்விட்ச் என்று கேள். அதோடு உயரத்தையும் அளந்துகொண்டு போ. உயரம் குறைந்தால் பொத்தான் எட்டாது. கூடினால் பைக்குள் தானே அழுந்தி பேட்டரியைத் தின்னும். நான்கு கால்களும் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்தவை என்பதால், எந்த இரண்டு சேர்ந்தவை என்று மீட்டரில் பார்த்த பிறகே பொருத்து. கால்கள் பக்கம் மாறும்படி ஸ்விட்சைத் திருப்பி வைத்துவிட்டால் அழுத்தாமலேயே எரியும். ஸ்விட்சை ஈயத்தால் பற்ற வைப்பதற்கு (சால்டரிங்) முன் தரையோடு தொடர்புள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுவிடு; விரலில் இருக்கும் நிலைமின்சாரமே லேசர் டயோடைக் கொன்றுவிடும்.

தம்பி – இரவு 7:25
மாற்றிவிட்டேன். ஸ்விட்சை அழுத்தினால் 0.3 ஓம் காட்டுகிறது. அதில் மீட்டர் கம்பிகளுடையதும் அடக்கம்.

சித்தி – 7:33
மெதுவாகத் தொட்டாலே எரிகிறது, மிக்க நன்றி. ஆனால் பொத்தான் முன்பைவிடச் சற்று மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதே?

மாமா – 7:37
கிடைத்த ஸ்விட்ச் அரை மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். தம்பி, பிளாஸ்டிக் பொத்தானின் உட்புறத் தண்டை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு தேய்த்து, ஸ்விட்சைத் தொடாமல் லேசாக ஆடும்படி பொருத்திக் கொடு. அதுவரை பேட்டரியை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளம்மா.