நான்காவது மூலையில் மட்டும் இடைவெளி: குறை கோணத்திலா, நீளத்திலா?

புதுச்சட்டம்: 20 மி.மீ. அகலமுள்ள மரத்தாலான பட்டையில் படச்சட்டம் செய்கிறேன். கோணம் வைத்து வெட்டும் மைட்டர் ரம்பத்தை 45 பாகையில் நிறுத்தி எட்டு முனைகளையும் வெட்டினேன். மூன்று மூலைகளைப் பசையிட்டு இறுக்கியபோது அவை சரியாகப் பொருந்தின. நான்காவது மூலை மட்டும் 1 மி.மீ. அளவுக்கு வாய் பிளந்து நிற்கிறது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பதற்கு முன் காரணத்தை அறிய விரும்புகிறேன்.

வளையாக்கோல்: காரணம் கோணம்தான். ஒவ்வொரு வெட்டும் கால் பாகை குறைந்தால் எட்டு வெட்டுகளில் 2 பாகை சேர்ந்துவிடும். மூன்று மூலைகளை வலிந்து இறுக்கினால் அத்தனையும் கடைசி மூலையில் வந்து நிற்கும். 20 மி.மீ. பட்டையில் மூட்டுக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 28 மி.மீ.; அதில் 2 பாகை என்றால் மிகச் சரியாக நீங்கள் சொல்லும் 1 மி.மீ. வருகிறது. ரம்பத்தின் அளவுகோலை நம்பாமல், இரண்டு கழிவுத் துண்டுகளை வெட்டிச் சேர்த்து, செங்கோணம் காட்டும் மூலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

உளிமுனை: இடைவெளியின் வடிவத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆப்புப்போல் ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒட்டியிருந்தால் கோணப் பிழை. மூட்டு நெடுகிலும் ஒரே அகலத்தில் திறந்திருந்தால் எதிரெதிர்ப் பட்டைகளின் நீளம் சமமாக இல்லை. ஒரு பட்டை 1 மி.மீ. நீண்டிருந்தாலே 0.7 மி.மீ. இடைவெளி விழும். நீளத்தை அளவுநாடாவால் ஒப்பிட வேண்டாம். இரு பட்டைகளையும் முதுகோடு முதுகு சேர்த்து முனையை விரலால் தடவினால், கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் தட்டுப்படும். வெட்டும்போது தடுப்புக்கட்டை வைத்திருந்தாலும், அதற்கும் பட்டைக்கும் இடையில் மரத்தூள் சேர்ந்தால் நீளம் மாறிவிடும்.

வளையாக்கோல்: வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பது சரி, ஆனால் இரண்டு பிழைகளும் சமமானவை அல்ல. நான்கு மூலைகளுக்கும் ஒரே நேரத்தில் பசையிட்டுப் சட்டத்தைச் சுற்றி நாடாவால் இறுக்கும் கிளாம்ப்பைப் போட்டு இறுக்கினால், 300 மி.மீ. சட்டத்தில் 1 மி.மீ. நீள வேறுபாடு ஒரு பக்கத்தை 0.2 பாகை மட்டுமே சாய்க்கும். மூட்டில் அது 0.1 மி.மீ. அளவுக்குக்கூட வராது. கோணப் பிழையை அப்படிக் கரைக்க முடியாது. நாற்கரத்தின் கோணங்கள் 360 பாகையாகக் கூடியே ஆக வேண்டும். வெட்டியவை 358 என்றால் மீதி 2 பாகை எங்காவது திறந்தே தீரும்.

உளிமுனை: கணக்கில் பிழையில்லை, ஆனால் கேட்டவர் மூன்று மூலைகளை முதலில் ஒட்டியவர். அந்த முறையில் நீளப் பிழை கரைவதற்கு வழியே இல்லை. தவிர, ரம்பத்தைத் துல்லியமான 45-க்குக் கொண்டுவரப் போராடுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நுனி செங்கோணமாக அமைந்த கட்டையைப் பலகையில் பொருத்தி, ஒரு பட்டையின் முனையை அதன் இடப்புறத்திலும் இணைப் பட்டையின் முனையை வலப்புறத்திலும் வைத்து இழையுங்கள். ஒருபுறம் 45.2 ஆனால் மறுபுறம் 44.8 ஆகும், கூட்டுத்தொகை 90-ஆகவே இருக்கும். இந்த நுட்பத்தைப் பலர் புறக்கணிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. ஒன்றில் எவ்வளவு சீவினாலும் எதிர்ப்பட்டையிலும் அவ்வளவே சீவ வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

புதுச்சட்டம்: ஒட்டாமல் இருந்த இன்னொரு சட்டத்தின் பட்டைகளைப் பசையின்றிச் சேர்த்து இறுக்கிப் பார்த்தேன். எதிர்ப்பட்டைகள் சமமாகவே இருந்தன. நான்கு மூலைகளிலும் உட்புறம் மட்டும் மெல்லியதாகத் திறந்திருந்தது.

வளையாக்கோல்: அப்படியானால் ஒவ்வொரு முனையும் 45-க்குக் குறைவாக வெட்டுப்பட்டிருக்கிறது. பல மாதங்கள் இறுகியிருந்த பிறகு உட்புறம் திறந்திருந்தால் மரம் உலர்ந்து அகலத்தில் சுருங்கியது என்பேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை என்பதால் கோணம் மாறிவிடும். புதிய வெட்டில் அந்த ஐயத்திற்கு இடமில்லை.

உளிமுனை: இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். மரத்தூள் அடைப்பு வேண்டாம். சாயம் பூசும்போது அந்த இடம் தனியே தெரியும், மூட்டுக்கு வலுவும் சேராது. முனைகளை மீண்டும் இழைத்த பின், முதலில் மெல்லிய பசைப் பூச்சு ஒன்றைக் கொடுத்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, இரண்டாவது பூச்சுடன் நான்கு மூலைகளையும் ஒருசேர இறுக்குங்கள். வெட்டுமுனை பசையை உறிஞ்சிக்கொள்வதால் ஒரே பூச்சில் மூட்டு வறண்டுவிடும். சீவியதால் சட்டத்தின் உள்ளளவும் குறைந்திருக்கும் என்பதால், கண்ணாடியை அதன்பிறகு அளந்து வெட்டுங்கள்.