மறு: மேரேஜ் வேல்யூவுக்கு என்ன சொல்? (குத்தகை நீட்டிப்புச் சொற்கள்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஃபிளாட்டின் குத்தகைக் காலத்தை நீட்டிக்கும்போது புதிதாகக் கூடும் மதிப்பை 'மேரேஜ் வேல்யூ' (marriage value) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று குழுவில் வந்த கேள்விக்கு இது என் பதில்.

> 'திருமண மதிப்பு' என்றே வைத்துவிடலாமே? ஆங்கிலத்திலும் அப்படித்தானே இருக்கிறது.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. "குத்தகையை நீட்டிக்கத் திருமண மதிப்பு கட்ட வேண்டும்" என்று எழுதினால், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஃபிளாட் வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. பணம் எதற்குப் போகிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சென்னையில் ஃபிளாட் வாங்கினால் நிலத்தில் பிரிபடாத பாகம் நம் பெயரில் பதிவாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான ஃபிளாட்டுகளுக்கு அது கிடையாது. 99 ஆண்டு, 125 ஆண்டு என்று ஒரு காலத்துக்கான உரிமையைத்தான் வாங்குகிறோம். மண்ணும் கட்டடமும் நிலத்துக்காரர் என்ற இன்னொருவருடையவை. ஆண்டு குறையக் குறைய நம் பக்கத்து மதிப்பு கரையும், அவர் பக்கம் ஏறும்.

காலத்தை நீட்டிக்கும் உரிமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. மிச்சமுள்ள ஆண்டுகளோடு இன்னும் 90 சேரும், நிலத்துக்காரருக்குக் கட்டும் தரை வாடகையும் (ground rent) இல்லாமல் போகும். அதற்கு ஒரு விலை உண்டு. நீட்டிப்பு கேட்டு 42ஆம் பிரிவின்படி நிலத்துக்காரருக்கு அறிவிப்பு கொடுக்கும் நாளில் 80 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ மிச்சமிருந்தால், அந்த விலையோடு மேரேஜ் வேல்யூவில் பாதியும் சேர்ந்துவிடும்.

கைக்கணக்காக ஒன்று போட்டுப் பார்க்கிறேன். 75 ஆண்டு மிச்சமுள்ள ஃபிளாட் 2,75,000 பவுண்டு என்று வைப்போம். நீட்டித்தபின் அதுவே 3,00,000 பெறும். நிலத்துக்காரர் கையிலுள்ள உரிமைக்கு இன்றைய மதிப்பு 8,000. நீட்டிக்குமுன் இருவருடையதையும் கூட்டினால் 2,83,000தான். நீட்டித்ததும் ஏறக்குறைய 3,00,000. இரண்டாக உடைந்து கிடந்த உரிமை ஒன்று சேர்ந்ததால் 17,000 புதிதாகப் பிறக்கிறது. அதில் பாதி 8,500 நிலத்துக்காரருக்கு. அவருடைய 8,000த்தையும் சேர்த்தால் 16,500 கட்ட வேண்டும். இதே வீட்டில் 81 ஆண்டு இருக்கும்போதே அறிவிப்பு கொடுத்திருந்தால் ஆறாயிரத்தை ஒட்டி முடிந்திருக்கும். கலைச்சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

ஆகவே 'சேர்தல்' என்ற கருத்து சொல்லில் இருந்தே ஆக வேண்டும். குழுவில் வந்த மற்ற பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> கூட்டு மதிப்பு

மொத்த மதிப்பு என்றுதான் யாரும் படிப்பார்கள். போதாக்குறைக்கு மதிப்புக்கூட்டு வரி வேறு இருக்கிறது.

> சேர்மதிப்பு

சின்னச் சொல், வினைத்தொகையாக அழகாகவும் இருக்கிறது. ஆனால் காதால் கேட்டால் பங்குச்சந்தை 'ஷேர்' மதிப்புதான். இந்த விஷயம் பெரும்பாலும் தொலைபேசியில்தான் பேசப்படுகிறது, அதனால் இதை விட்டுவிடலாம்.

> இணைமதிப்பு

'இணை' என்றால் நிகர், ஈடு என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும். பட்டப்படிப்பு இணைத்தன்மை என்கிறோமே, அந்த இணை.

என் பரிந்துரை 'இணைவு மதிப்பு'. இணைவு என்றதும் அது ஒரு நிகழ்வு, அந்த நிகழ்வால் வந்த மதிப்பு இது என்று தெரிந்துவிடுகிறது. "80க்குக் கீழே போனால் இணைவு மதிப்பு சேரும்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கலில்லை.

> 2024 சட்டம் அதை ஒழித்துவிட்டதே, இனி இந்தச் சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. 2024ஆம் ஆண்டுச் சட்டம் 90 ஆண்டை 990 ஆக்குகிறது, இணைவு மதிப்பையும் நீக்குகிறது. ஆனால் சட்டம் நிறைவேறிய அன்றே எல்லாப் பிரிவுகளும் நடைமுறைக்கு வரவில்லை. வீடு வாங்கி இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்று தனியாக நீங்கியது. காத்திருப்பதா, இப்போதே நீட்டிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு, எது நீங்கப் போகிறது என்பதையாவது தமிழில் சொல்ல வேண்டாமா? 1980இல் கவுன்சில் (உள்ளாட்சி) ஃபிளாட்டுகளைக் குடியிருந்தோருக்கே விற்கத் தொடங்கியபோது பெரும்பாலும் 125 ஆண்டுக் குத்தகைதான் கொடுத்தார்கள். அவற்றில் முதலில் போனவை இப்போதுதான் 80ஆம் ஆண்டுக் கோட்டைத் தொடுகின்றன. டூட்டிங் பக்கமும் ஈஸ்ட் ஹாம் பக்கமும் அந்த மாதிரி ஃபிளாட்டுகளைப் பின்னாளில் விலைக்கு வாங்கிய நம்மவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீஸ்ஹோல்டுக்கு, அதாவது மேலே சொன்ன காலவரையுள்ள உரிமைக்கு, வெறும் 'லீஸ்' என்று எழுதக் கூடாது. தமிழ்நாட்டில் லீசுக்கு வீடு என்றால் போக்கியம், கொடுத்த தொகை முழுதாகத் திரும்பி வரும். 'நீள்குத்தகை' என்று வைக்கலாம். இலங்கைத் தமிழருக்குக் குத்தகை ஏற்கெனவே பழகிய சொல்தான்.

தரை வாடகைக்கு நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது. கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் மண்ணுக்கு மட்டும் கட்டுவதை 'அடிமனை வாடகை' என்கிறார்கள். வீடு ஒருவருடையது, மனை இன்னொருவருடையது என்ற நிலை அதிலேயே இருக்கிறது. இங்கிலாந்து ஃபிளாட்டில் கட்டடமும் அவருடையதுதான் என்பது உண்மை. ஆனாலும் வாடகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நீட்டித்தபின் பத்திரத்தில் மட்டும் இருக்கும் பெயரளவு வாடகையை ஆங்கிலேயர்கள் ஒரு மிளகு என்று கணக்கு வைத்தார்கள். 'மிளகு வாடகை' என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மிளகு நம் பக்கத்திலிருந்து போனதுதானே.

ஃப்ரீஹோல்டர்தான் (நாம் இதுவரை நிலத்துக்காரர் என்றவர்) எனக்கு இன்னும் முடியவில்லை. 'அடிமனை உடைமையாளர்' என்றால் கட்டடம் விடுபடுகிறது. 'அறுதி உடைமையாளர்' என்றால் இரண்டும் அடங்குகிறது, அறுதி உறுதி (விற்பனைப் பத்திரம்) என்ற யாழ்ப்பாணப் பத்திர வழக்கோடும் ஒட்டுகிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியுமா? பத்திரப் பதிவில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஹாரோவிலிருந்து