கல்லூரிக் கட்டணத்தை எப்படிக் கட்டினோம்? தென்னாப்பிரிக்க வாசகர்களின் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் வாசகி:
எங்கள் இருவர் வருமானத்தையும் சேர்த்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸின், ஆண்டுக்கு 3,50,000 ராண்ட் என்ற வருமான வரம்பைச் சற்றே தாண்டிவிடுவதால், மகளுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. வங்கியில் கல்விக் கடன் கேட்டபோதோ, வீட்டுக் கடன் இருப்பதால் எங்கள் பிணை போதாது என்றார்கள். பிணைக் கையெழுத்திட வந்த என் தம்பியிடம், "இந்தப் பெண் கட்டாவிட்டால் முழுத் தொகையும் உங்களைத்தான் சேரும், தெரியுமா?" என்று வங்கி அதிகாரி மகளின் முன்னிலையிலேயே கேட்டார். "நான் தாய்மாமன், தெரிந்துதான் வந்திருக்கிறேன்" என்று அவன் கையெழுத்திட்டான். மகள் தலை நிமிரவே இல்லை. அந்தக் கேள்வியை அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
அக்கா, வங்கிக்குப் போகுமுன் ஆசிரியராகப் படிப்போருக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாக்கா பர்சரியை, அதாவது படிப்பு உதவித்தொகையை, பார்த்திருக்கலாம். பர்சரி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படித்தான் படித்தேன். ஒப்பந்தத்தை என் தந்தை வரி வரியாகப் படித்துவிட்டு, "கற்பித்தால் திருப்பித் தர வேண்டியதே இல்லையே" என்று மீண்டும் முதல் பக்கத்தைத் திருப்பியது கண்ணிலேயே நிற்கிறது.

ஃபீனிக்ஸ் வாசகர்:
ஆசிரியர் தம்பி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஆசிரியர் பயிற்சிக்கான உதவி. கற்பிப்பதில் நாட்டமில்லாத பிள்ளையைப் பணத்துக்காக வகுப்பறைக்கு அனுப்பினால், இழப்பு அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குத்தான். நான் படித்த காலத்தில் என்எஸ்ஃபாஸ் கடனாகத்தான் தரப்பட்டது. தேர்ச்சியைப் பொறுத்து 40 விழுக்காடு வரை பர்சரியாக மாறும். மீதி நாம் திருப்பித் தர வேண்டியது. 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்து, அடுத்த ஆண்டு முதல் புதிய மாணவர்களுக்கு முழுவதும் பர்சரியானது. எங்கள் சின்னம்மாவின் பேத்தி அந்தச் செய்தியோடு இனிப்பும் கொண்டுவந்தபோது, கடன் தவணை பிடிக்கப்பட்ட என் சம்பளச் சீட்டு மேசைமேல் கிடந்தது. அவளுக்குக் கிடைத்ததில் மனதார மகிழ்ந்தேன். ஆனாலும் அந்தச் சீட்டைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

டோங்காட் வாசகி:
கட்டண நிலுவையால் என் மகனின் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டது, வேலைக்கான நேர்காணலில் "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டபோது அவன் நிலுவைக் கணக்கைத்தான் காட்டினான்.

சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வங்கிக் கல்விக் கடனில் படிக்கும் காலத்தில் பெரும்பாலும் வட்டியும் சேவைக் கட்டணமும் மட்டுமே கட்டுகிறோம். அசல் அப்படியே நிற்கிறது. அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது, தம்பியின் பிணை எந்தத் தொகை வரைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக் கட்டணத்தைத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கட்டுவோருக்குச் சில பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி தருகின்றன, அதையும் விசாரியுங்கள். வீட்டில் இளைய பிள்ளை இருந்தால் மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுவனங்கள் தரும் பர்சரிகளில் பல, 11ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே, மெட்ரிக் தேர்வுக்கு முன்பே விண்ணப்பங்களை முடித்துவிடுகின்றன.