ரெட் நீ டரண்டுலாவின் முட்டைப்பையும் நானும்

தாய்ச் சிலந்தியிடமிருந்து முட்டைப்பையை எப்போது எடுப்பது என்று பலர் கேட்டிருந்ததால் என் அனுபவத்தை எழுதுகிறேன். நான் கனடாவில் வளர்ப்பது மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தைச் சேர்ந்த ரெட் நீ டரண்டுலா என்ற பெரிய, முடி நிறைந்த சிலந்தி; அறிவியல் பெயர் பிராக்கிபெல்மா ஹமோரி. 2017 வரை இதையும் பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்ற நெருங்கிய இனத்தின் பெயரிலேயே விற்றார்கள். ஆகவே அதற்கு முன் வாங்கிய பெண் சிலந்தி வைத்திருப்பவர்கள், இணை சேர்க்கும் முன் இரண்டும் ஒரே இனம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலப்புக் குஞ்சுகளை உண்டாக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெண் சட்டை உரித்து, நன்றாகத் தின்று தேறிய பிறகே ஆணை விட்டேன். இணை சேர்ந்தபின் பெண் சட்டை உரித்தால், விந்தைச் சேமித்து வைக்கும் பையின் உள்தோலும் சேர்ந்து கழன்றுவிடும். எல்லாம் வீண். கூண்டுக்குள் போனதும் ஆண் தரையைத் தட்டியது. வளைக்குள்ளிருந்து பெண்ணும் தட்டிப் பதில் சொன்னது. அப்புறம் ஆண் தன் முன்கால் கொக்கிகளால் பெண்ணின் நச்சுப்பற்களை மாட்டிப் பிடித்துக்கொண்டு இணை சேர்ந்து, சட்டென்று பின்வாங்கியது.

சில மாதங்கள் கழித்துத்தான் முட்டைப்பை வந்தது. கூண்டைத் துணியால் மூடிவிட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதைத் தவிரக் கை வைக்கவில்லை, ஏனென்றால் மிரண்டுபோன தாய் பையையே தின்றுவிடும். தாய் அந்தப் பையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகும். சீக்கிரமே எடுத்துவிட்டால் அந்த வேலையை இரவும் பகலும் நாம்தான் செய்ய வேண்டும், அதுவும் தாயின் பக்குவம் நமக்கு வராது. அதனால் ஒரு மாதமாவது தாயிடமே விடுங்கள் என்பேன்.

பையை எடுக்கும்போது கையுறையும் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். இந்த இனம் வயிற்று முடியை உதிர்த்து வீசும். கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. தாயின் மேல் ஒரு கப்பைக் கவிழ்த்துவிட்டு, நீண்ட இடுக்கியால் பையை மெதுவாக இழுத்தேன். பையை நறுக்கியபோது உள்ளே வெளிர்மஞ்சள் உருண்டைகள். பலவற்றில் கால்கள் முளைத்திருந்தன. டப்பாவின் அடியில் ஈரமான டிஷ்யூ, அதன் மேலே தண்ணீர் படாத உயரத்தில் காபி பில்டர் தாளைத் தொட்டில் போலக் கட்டி, முட்டைகளை அதில் பரப்பினேன். வெப்பம் 26, 27 டிகிரி. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றையே உலர்த்திவிடுகிறது, ஈரத்தைத் தினமும் பாருங்கள். கறுத்ததும் சுருங்கியதும் கண்ணில் பட்ட உடனே எடுத்துவிட வேண்டும். ஒன்றில் பூஞ்சை வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

மறுபடி சட்டை உரித்துக் குட்டிச் சிலந்திகளாக ஓட ஆரம்பித்ததும் தனித்தனி டப்பாக்களுக்கு மாற்றினேன். நூற்றுக்கணக்கில் வரும் என்பதால் டப்பாக்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இந்த இனம் சைட்டிஸ் என்ற, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், குட்டிகளை வேறு நாட்டுக்கு அனுப்புவதென்றால் அனுமதிப் பத்திரம் வேண்டும். முதல் இரையாகப் பழ ஈ போதும். அது கிடைக்காவிட்டால் சில்வண்டின் காலைத் துண்டாக்கிப் போடுங்கள், அதையே உறிஞ்சிக்கொள்ளும்.