ஐந்து ரூபாய்ச் சில்லறைக்குள் வந்த எட்டணா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில் வாழைக்காயும் சீனியவரைக்காயும் வாங்கினேன். மீதிக்கு மூன்று ஐந்து ரூபாய்க் காசு கொடுத்தார் காய் விற்கிற ஆச்சி. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பையைக் காலி செய்யும்போதுதான் கவனித்தேன். மூன்றில் ஒன்று ஐந்து ரூபாயே இல்லை.

மங்கலான வெள்ளை நிறம். எழுத்துகளின் இடுக்கில் எல்லாம் கறுப்பு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா. மறுபக்கம் பூங்கொடி வளையத்துக்குள் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் ருப்பி, இந்தியா, 1925’. கூடவே உருது எழுத்து. ராஜா ஐந்தாம் ஜார்ஜ். காசு அரை ரூபாய். நம் ஊரில் இன்றும் வயசானவர்கள் ஐம்பது பைசாவுக்கு எட்டணா என்கிறார்களே, அந்த அசல் எட்டணா. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்துக் காசு.

ஆச்சி ஏமாற்றினார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2007 வாக்கில் வந்த எஃகு ஐந்து ரூபாயின் குறுக்களவு 23 மில்லிமீட்டர், எடை 6 கிராம். இந்த அரை ரூபாய் 24 மில்லிமீட்டர், 5.83 கிராம். சந்தை நெரிசலில் விரலால் தடவி எண்ணிக் கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் நான் செய்தது தவறு. எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள். அதே பழக்கத்தில் காசையும் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, ஆனால் மெல்லிய கீறல்கள் விழுந்தன. பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. அந்த இடம் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. என் கையும் பட்டதில், புள்ளி உண்டா இல்லையா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, பல்பொடி, சோப்புத் தூள் எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, காசின் வயசு.

மறுநாள் திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் காசைப் பார்க்கவே இல்லை. கடப்பாக் கல்மேல் சுண்டிப் போட்டார். ணங்ங் என்று இழுத்துக்கொண்டு ஒலித்தது. பக்கத்தில் என் ஐந்து ரூபாயைப் போட்டார். டக்கென்று அடங்கிவிட்டது. அடுத்து காந்தம், ஒட்டவில்லை. அடுத்துதான் தராசு. 5 கிராம் 740 மில்லி.

“ரூபா எடையில பாதி தம்பி. நாட்டு மருந்துக் கடையில ரூபா எடைம்பாங்கல்லா, அது இந்தக் காசை வச்சு வந்ததுதான்” என்றார். சரிதான். முழு ரூபாய் 11.66 கிராம், அதுதான் தோலா என்கிற பழைய எடை. அந்தக் காலத்தில் காசே படிக்கல்.

காந்தம் மட்டும் போதாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். தாமிரபரணிப் படித்துறையில் பையன்கள் நூலில் காந்தம் கட்டி ஆற்றுக்குள் போட்டுக் காசு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒட்டி வருவது எஃகும் நிக்கலும்தான். ஒட்டாதது எல்லாம் வெள்ளி ஆகிவிடாது. 1975 முதல் 1991 வரை வந்த ஒரு ரூபாய்கள் செம்பும் நிக்கலும் கலந்தவை, காந்தத்துக்கு அசைந்து கொடுக்காது. அதே மாதிரி பழைய எல்லாமும் வெள்ளி இல்லை. என் சித்தி பூஜையறையில் புலி போட்ட 1947 ரூபாய் ஒன்றை வெள்ளி என்று நம்பி வருஷக்கணக்காக வைத்திருந்தார். காந்தத்தைக் காட்டியதும் ஓடிவந்து ஒட்டியது, சுத்த நிக்கல். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் காசிலிருந்து வெள்ளியை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 1940களின் தொடக்கத்தில், வெள்ளி நூற்றுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. என் அரை ரூபாய் அதற்கெல்லாம் முந்தியது, நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. சித்திக்கு முகம் வாடிவிட்டது. பரவாயில்லை, அது சுதந்திரம் வந்த வருஷத்துக் காசு, பூஜையில் இருக்கட்டும் என்றேன்.

மேலப்பாளையத்து நண்பன் ஒருவன் கல்லாவில் காபிக் கூஜா படம் போட்ட காசு வந்ததாகச் சொன்னான். அது அமீரகத்து ஒரு திர்ஹம். வளைகுடாவுக்குப் போய்வராத தெரு அங்கே ஏது?

ஐந்தாம் ஜார்ஜ் காசில் ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு, பார்த்தீர்களா? 1911இல் வந்த ரூபாயில் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, மறுவருஷம் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றினார்கள். என் காசில் தும்பிக்கை இன்னும் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் பழைய காசுக்கு லட்சம் தருவதாக வரும் செய்திகளை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியே 2021இல் தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி எச்சரித்தது. முன்பணமாக ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் அல்ல. ஆசாரி காசைத் திருப்பித் தரும்போது விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். கிரீடத்துக்கு நேர் மேலே அரிசி நுனி அளவுக்கு ஒரு மேடு. “பொடி வச்சு ஊதிப் பத்தவச்ச தடம். வளையம் இருந்திருக்கு. பச்சைப் பிள்ளை அரைஞாண்ல கோத்துப் போட்ட காசு, தம்பி” என்றார்.

அதற்குப் பிறகு அதை என் காசு என்று நினைக்க முடியவில்லை. வளையம் அறுந்து எங்கோ விழுந்து, யாரோ எடுத்துச் சில்லறையோடு கலந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய் ஆச்சியிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்குள்ளது இல்லய்யா. ஆனா இது எந்தப் பிள்ளைக்கோ அவுக ஆச்சி போட்டது” என்றார். அன்றைக்கு அவரிடம் காய் வாங்க வந்தவர்களிடம் எல்லாம், “ஏளா, பிள்ளைக்குப் போட்ட எட்டணாவைத் தொலைச்சியளா?” என்று கேட்டார்.

நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. காசைப் பருத்தித் துணியில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து, காய்ப் பையோடு சந்தைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். ஆச்சியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.